தலையை மூடச் சொன்னால் எதைப் போடுவது?

கேள்வி இதுதான்: கூட வேலை பார்க்கும் யூத நண்பர் தன் கல்யாணத்துக்கு நியூயார்க்குக்கு அழைத்திருக்கிறார். ஜெப ஆலயத்தில் கல்யாணம். அழைப்பிதழின் அடியில் "ஆண்கள் தலையை மூடியிருக்க வேண்டும்" என்று ஒரு வரி. அந்தச் சின்ன வட்டக் குல்லாதான் போட வேண்டுமா, கையில் இருக்கும் கிரிக்கெட் தொப்பி போதாதா, யூதரல்லாத நான் அதைப் போட்டால் வேஷம் போட்ட மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரத்துக்குப் பதில் வேண்டும் என்றால்: கிரிக்கெட் தொப்பியும் செல்லும், வேஷமும் ஆகாது. வாசலிலேயே ஒரு கூடையில் குல்லாக்கள் வைத்திருப்பார்கள், ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம். இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் படியுங்கள். இந்த வழக்கம் வெளியிலிருந்து பார்க்கிற அளவுக்குச் சாதாரணமானது அல்ல.

நம் ஊரில் கோயிலுக்குள் போகும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வோம். சர்ச்சுக்குப் போகிறவர் தொப்பியைக் கழற்றுவார். யூதர்களிடம் இது அப்படியே தலைகீழ். அங்கே மரியாதை என்றால் மூடுவது. அதனால்தான் பழக்கமில்லாதவர்கள் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பவ்யமாக நிற்பதும், யாராவது ஓடி வந்து "ஐயா, போடுங்கள், போடுங்கள்" என்று சொல்வதும் நடக்கிறது. நானும் முதல் தடவை அப்படித்தான் நின்றேன்.

இத்தனை அழுத்தமாகக் கடைப்பிடிக்கிறார்களே, வேதத்தில் கட்டளை இருக்கும் என்று நினைப்போம். இல்லை. யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களாகிய தோராவில் சாதாரண ஆண் தலையை மூட வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்குப் பாகையும் அவன் குமாரருக்குக் குல்லாக்களும் சொல்லப்படுகின்றன. ஆனால் அது ஆசாரியர்களின் சீருடை, மற்றவர்களுக்கு இல்லை. சிரியாவின் துரா யூரோபோஸ் என்ற இடத்தில் 3ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதன் சுவர் ஓவியங்களில் மோசே வெறுந்தலையோடு நிற்கிறார். வரைந்தவருக்கும் சரி, அதன் முன்னால் நின்று ஜெபித்தவர்களுக்கும் சரி, அதில் உறுத்தல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு எங்கிருந்து வந்தது? பழைய யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற நூலில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்றில், யெஹோஷுவாவின் மகன் ரவ் ஹூனா என்ற அறிஞர் வெறுந்தலையோடு நான்கு முழம்கூட நடக்க மாட்டாராம். காரணம் கேட்டால், "இறைவனின் சந்நிதி என் தலைக்கு மேல் இருக்கிறது" என்பாராம். நான்கு முழம் என்பது ஏறக்குறைய ஆறு அடி. அதாவது நாலு எட்டு.

இன்னொன்று எனக்குப் பிடித்த கதை. ரவ் நஹ்மான் பர் இஸ்ஹாக் குழந்தையாக இருந்தபோது ஜோசியர்கள் அவருடைய அம்மாவிடம் "உன் பிள்ளை திருடனாக வருவான்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பிள்ளையின் தலையை எப்போதும் மூடியே வைத்திருந்தாள். "தலையை மூடிக்கொள், தேவபயம் உன் மேல் இருக்கும்" என்று சொல்லி வளர்த்தாள். ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒருநாள் பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். மேலே போட்டிருந்த துணி தலையிலிருந்து நழுவியது. அண்ணாந்து பார்த்தார், மரம் கண்ணில் பட்டது. அது அவருடைய மரம் அல்ல. ஆசை மேலிட்டு விறுவிறுவென்று ஏறி, குலையைப் பல்லாலேயே கடித்து எடுத்தார். கதை அங்கேயே முடிகிறது.

கவனித்தீர்களா, இரண்டுமே சட்டம் இல்லை. முதலாவது ஒரு பக்திமானின் தனிப்பட்ட விரதம். இரண்டாவது ஓர் அம்மாவின் வைத்தியம். அவை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக மாற ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூதச் சட்ட அறிஞர் வெறுந்தலையோடு பிரார்த்தனைக்கு நிற்கக் கூடாது என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டிலேயே வியன்னாவைச் சேர்ந்த ஒரு பெரிய ரப்பி, அதாவது யூத மதகுரு, பிரான்சில் உள்ள ரப்பிகள் வெறுந்தலையோடு ஆசிச் சொற்களைச் சொல்கிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை என்று எழுதியிருக்கிறார். ரப்பிகளே மூடாமல் இருந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் விஷயம்.

16ஆம் நூற்றாண்டில் போலந்தில் இருந்த ரப்பி சாலமன் லூரியா ரொம்பவே வெளிப்படையான ஆள். வெறுந்தலையோடு இறைவன் பெயரைச் சொல்வதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் ஊர் வழக்கத்தை மீற வேண்டாம், தப்பாகப் பேசுவார்கள் என்றார். அதோடு விடவில்லை. விலக்கப்பட்ட மதுவைக் குடிக்கிறவன் பணக்காரன் என்றால் அவனுக்கு மரியாதை செய்கிறீர்கள், சுத்தமாகச் சாப்பிட்டுக் குடிக்கிறவன் தலை மூடாவிட்டால் மதத்தை விட்டே போனவன் மாதிரிப் பார்க்கிறீர்கள் என்று ஒரு குத்து. நானூற்றைம்பது வருஷம் ஆகியும் அந்தக் குத்து வலிக்கத்தான் செய்யும்.

அவருக்கு அடுத்த நூற்றாண்டில் டேவிட் ஹலேவி சேகல் என்பவர் ஒரு புதுக் காரணம் சொன்னார். கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் தொப்பியைக் கழற்றுகிறார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலேயே ஆண்கள் தலையை மூடாமல் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கழற்றுவதாலேயே நாம் மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வழக்கத்தைப் பின்பற்றியது ஆகிவிடும் என்றார் சேகல். பக்தியாக இருந்தது, இன்னார் என்று காட்டும் அடையாளமாக இறுகிய இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

சரி, எதைப் போட்டால் மூடியதாக அர்த்தம்? யூதச் சட்டத்தின் பொதுக் கைநூலாகிய ஷுல்ஹான் ஆரூக், யோசேஃப் காரோ எழுதியது, 1565இல் வெனிஸில் அச்சானது. அதில் இதற்கு ஒரு பத்தி வருகிறது. வைக்கோலில் பின்னிய தொப்பி செல்லும். தன் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டால் செல்லாது. ஆனால் இன்னொருவர் தன் கையை உங்கள் தலையில் வைத்தால் அது செல்லும்! சிரிப்பு வரலாம். அதற்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. உங்கள் கையும் உங்கள் தலையும் ஒரே உடம்பு, உடம்பு தன்னைத் தானே மூடிக்கொள்ள முடியாது. அடுத்தவர் கை உங்கள் உடம்பு இல்லையே. அதே தர்க்கத்தில், சட்டைக் கையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டால் அது துணி, அவசரத்துக்குச் செல்லும் என்று பிற்காலத்தவர்கள் சேர்த்தார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் கண்ணால் பார்த்தேன். வீட்டுக் கடைக்குட்டி விளையாடிவிட்டு மேஜைக்கு ஓடி வந்தான், தலையில் குல்லா இல்லை. ரொட்டிக்கு ஆசி சொல்லப் போகிறார்கள். அப்பா பேச்சை நிறுத்தாமலேயே இடது கையை நீட்டிப் பையனின் உச்சந்தலையில் வைத்தார். பையன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, "ஆமென்" வந்ததும் கையைத் தட்டிவிட்டு ரொட்டியைப் பிய்க்கப் போய்விட்டான். எதிரில் இருந்த மாமாவும் குல்லா இல்லாதவர். அவர் கைதுடைக்கும் காகிதத் துணி ஒன்றை விரித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அளவைப் பற்றியும் விவாதம் உண்டு. தலையின் பெரும்பகுதியை மூட வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் மிகப் பெரிய சட்ட அறிஞர்களில் ஒருவரான மோஷே ஃபைன்ஸ்டைன், அப்படிப் பெரும்பகுதியை மூடியாக வேண்டும் என்பதில்லை என்றார். உள்ளங்கை அளவுக் குல்லாவோடு அலுவலகம் போகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தத் தீர்ப்புதான் துணை. வேலையே போய்விடும் என்ற நிலை இருந்தால் வேலை நேரத்தில் கழற்றிவைக்கவும் அவர் அனுமதித்திருக்கிறார்.

ஆக, சட்டத்தின் கண்ணில் துணிக் குல்லா, வைக்கோல் தொப்பி, கிரிக்கெட் தொப்பி, குளிர்சட்டையின் தலைமூடி, தலைப்பாகை, நான்கு முனையிலும் முடிச்சுப் போட்ட கைக்குட்டை எல்லாம் ஒன்றுதான். எது என்பதை முடிவு செய்வது சட்டம் இல்லை, சனம். அங்கேதான் இது சுவாரசியமாகிறது.

அந்த வட்டக் குல்லாவுக்கு எபிரேயத்தில் கிப்பா என்று பெயர். குவிமாடம் என்று அர்த்தம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் பேசுகிறவர்கள் யார்முல்கா என்பார்கள். அரசனுக்கு அஞ்சு என்று பொருள் தரும் அரமேயச் சொற்களிலிருந்து வந்தது அது என்று பக்தர்கள் சொல்வார்கள். மொழியறிஞர்கள் போலிஷ் மொழியைக் காட்டுவார்கள். பக்தர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இஸ்ரேலில் ஒருவரின் கிப்பாவைப் பார்த்தே அவர் எந்தப் பள்ளியில் படித்திருப்பார், யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று ஓரளவு ஊகித்துவிடுவார்கள். நெற்றி விபூதியையும் நாமத்தையும் பார்த்து நாம் ஊகிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலால் பின்னிய வண்ணக் குல்லா என்றால் பெரும்பாலும் மதப்பற்றுள்ள தேசியவாதிகள். அந்த வட்டாரத்தில் பெண்பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பையனுக்குக் கைப்படப் பின்னிக் கொடுப்பது வழக்கம். கறுப்பு வெல்வெட் என்றால் ஹரேதி எனப்படும் தீவிர ஆசாரக்காரர்கள். காதுவரை இறங்கும் வெள்ளைப் பின்னல் குல்லா, உச்சியில் குஞ்சம், விளிம்பைச் சுற்றி எழுத்துகள் என்றால் ஹசீதி எனப்படும் பக்தி இயக்கத்தாரில் பிரெஸ்லாவ் வழியினரின் ஒரு பிரிவு. தெருவில் ஒலிபெருக்கி வைத்து ஆடிக்கொண்டிருப்பார்களே, அவர்கள். நடு ஆசியாவின் புகாராவிலிருந்து வந்தவர்களுடையது தலையை முழுசாக மூடும், தங்க இழைப் பூவேலை செய்தது. இப்போது அதை எல்லோரும் குழந்தைகளுக்கு வாங்கிப் போடுகிறார்கள், லேசில் விழாது என்பதால்.

ஹரேதிகள் பலர் கிப்பாவோடு நிறுத்துவதில்லை. பிரார்த்தனைக்கு நிற்கும்போது அதன் மேல் விளிம்பு வைத்த கறுப்புத் தொப்பி ஒன்றும் ஏறும். இரட்டை மூடல். இத்தாலியின் போர்சலீனோ கம்பெனித் தொப்பி இவர்களுடைய வேதப் பள்ளி மாணவர்களிடம் ஒரு கௌரவச் சின்னம்.

எல்லாவற்றிலும் பெரியது ஷ்ட்ரைமெல். ஹசீதிகளில் கல்யாணமான ஆண்கள் சனிக்கிழமை ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் விசேஷங்களிலும் போடுகிற வட்டமான ரோமத் தொப்பி. விலை ஆயிரக்கணக்கான டாலர். கல்யாணத்துக்கு அதை வாங்கித் தருவது வழக்கமாகப் பெண்ணின் அப்பா. மாமனார் சீர் என்றால் நமக்குப் புரியும். போலந்து வழி வந்த கேர் ஹசீதிகளுக்கு இதுவே உயரமாக, உருளை மாதிரி இருக்கும், அதற்கு ஸ்போடிக் என்று பேர். எருசலேமின் சில பழைய குடும்பங்களில் 13 வயதுப் பையனே ஷ்ட்ரைமெல் போட்டுக்கொண்டு போவான். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் ஒரு காட்சி பார்க்கலாம். ஓய்வுநாளில் குடை விரிக்கக் கூடாது, அது ஒரு வேலையாகக் கணக்காகும். அதனால் அத்தனை விலையுள்ள தொப்பியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, தாடியெல்லாம் தண்ணீர் சொட்ட, தொப்பி மட்டும் நனையாமல் வேகமாக நடந்து போவார்கள்.

எல்லா யூதர்களும் இப்படித்தானா என்றால் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் நடத்திய ஆசாரப் பள்ளியிலேயே மதப் பாடத்துக்குத்தான் மாணவர்கள் தலையை மூடினார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் வெறுந்தலை. அங்கே வாத்தியார் வேலைக்கு வந்த டேவிட் ஹோஃப்மன் என்ற இளம் ரப்பி, ஹிர்ஷை முதல் தடவை பார்க்கப் போனபோது தொப்பியோடு போனார். இந்த ஊரில் பெரிய மனிதர்களைப் பார்க்க வரும்போது தொப்பியைக் கழற்றுவது மரியாதை, வேறு யாராவது பார்த்தால் நீங்கள் என்னை அவமதித்ததாக நினைப்பார்கள் என்று சொல்லிக் கழற்ற வைத்தார் ஹிர்ஷ். பிற்காலத்தில் இதை எழுதிவைத்தவர் ஹோஃப்மனே. அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் இன்னும் ஒருபடி போனார்கள். அவர்களுடைய ஆலயங்கள் சிலவற்றில் தொப்பியோடு வந்தவரைக் கழற்றச் சொன்ன காலமும் இருந்தது. இன்று அவர்களிடம் அது அவரவர் விருப்பம். பெண்கள் கிப்பா போடுவதையும் அங்கே தாராளமாகப் பார்க்கலாம். ஆசாரப் பிரிவில் கல்யாணமான பெண்கள் முடியை மூடுவது வேறு சட்டம், வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஆலயத்துக்கு வெளியே இதே குல்லா வழக்குக்கும் சண்டைக்கும் போயிருக்கிறது. சிம்ஹா கோல்ட்மன் அமெரிக்க விமானப்படையில் உளவியலாளர், ரப்பியும்கூட. சீருடையோடு கிப்பா போடக் கூடாது என்றார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய் 1986இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். மறு வருஷமே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. அந்த விவாதத்தில் எடுத்துச் சொல்லப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் அமெரிக்கப் படைமுகாம் குண்டுவெடிப்பில் தகர்ந்தபோது, கடற்படை ரப்பி ஆர்னால்ட் ரெஸ்னிகாஃப் காயம்பட்டவர்களின் ரத்தத்தைத் தன் கிப்பாவால் துடைத்தார். அது பாழாயிற்று. கூட இருந்த கத்தோலிக்கப் பாதிரியார் தன் ராணுவ உடைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து அவர் தலையில் வைத்தார். காரோவின் கைநூல்படியும் அது சரியான மூடல்தான்.

ஐரோப்பாவில் இப்போது இன்னொரு சங்கடம். அடி விழும் என்று பயந்து பலர் கிப்பாவின் மேல் சாதாரணத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குகிறார்கள். 2019இல் ஜெர்மன் அரசின் யூத வெறுப்புத் தடுப்பு ஆணையரே எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் கிப்பா அணிய என்னால் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிப் பெரிய சர்ச்சை ஆயிற்று.

இப்போது உங்கள் கல்யாணத்துக்கு வருவோம்.

யூதரல்லாதவருக்கு இந்தச் சட்டம் கிடையாது. அங்கே நீங்கள் மூடுவது இடத்துக்குச் செய்கிற மரியாதை. கிப்பா பூணூல் மாதிரியான சடங்குப் பொருளும் இல்லை. அதற்கு மந்திரம் கிடையாது, பிரதிஷ்டை கிடையாது. எருசலேமின் மேற்குச் சுவருக்குப் போகிற வெளிநாட்டுத் தலைவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள், தொப்பி இல்லாமல் வருகிறவர்களுக்கு அங்கேயே வெள்ளைக் குல்லா இனாமாகக் கொடுப்பார்கள். ஆகவே கூச்சம் வேண்டாம். கிரிக்கெட் தொப்பி செல்லும் என்றேன், ஆனால் கோட்டு சூட்டோடு அது கண்றாவியாக இருக்கும், புகைப்படத்தில் காலத்துக்கும் நிற்கும். கூடையில் இருப்பதையே எடுங்கள்.

வைக்கிற இடம் உச்சந்தலையிலிருந்து கொஞ்சம் பின்னால். நெற்றிக்கு இழுத்தால் வழுக்கிக் கண்ணில் விழும். கல்யாணக் குல்லா பெரும்பாலும் சாட்டின் துணி. எண்ணெய் தடவிய தலையில் அது ஒரு நிமிஷம் நிற்காது, தேங்காயெண்ணெய்க் கறை வேறு பிடிக்கும். அன்றைக்கு ஒரு நாள் எண்ணெயை விட்டுவிடுங்கள். கூடைக்குப் பக்கத்திலேயே சின்ன கிளிப்புகள் இருக்கும், இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்கைத் தலை என்றால் இருபுறமும் ஒட்டும் டேப்பைத் தவிர வழியில்லை. 

எப்போது கழற்றுவது? மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை உடைத்து, எல்லோரும் "மஸெல் தோவ்" என்று வாழ்த்துச் சொன்னதும் முடிந்துவிட்டது என்று பலர் கழற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கும் விதானத்தின் கீழ் சொன்ன ஏழு ஆசிகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் சொல்வார்கள். அதுவரை தலையில் இருக்கட்டும். நடுவில் நடனம் வரும், மாப்பிள்ளையை நாற்காலியோடு தூக்குவார்கள், உங்களையும் வட்டத்துக்குள் இழுப்பார்கள். கிளிப் போடச் சொன்னது அதற்காகத்தான்.

காலணி பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். நியூயார்க்கில் கழற்ற வேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போனால் கழற்ற வேண்டும். கேரள யூதர்கள் நம்மைப் போலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறவர்கள். தலையை மூடுவது, காலைத் திறப்பது இரண்டையும் ஒரே வாசலில் செய்ய வேண்டுமானால் இந்தியாவில் அதுதான் இடம். உள்ளே தரையில் பதித்த நீலச் சீன ஓடு நல்ல குளிர்ச்சி.

கடைசியாக, விருந்து முடிந்ததும் குல்லாவைத் திருப்பித் தருவதா என்ற கேள்வி. உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெண் மாப்பிள்ளை பேரும் தேதியும் அச்சடித்திருந்தால் அது விருந்தாளிக்கு, நம் ஊர்த் தாம்பூலப் பை மாதிரி, பையில் போட்டுக்கொண்டு வரலாம். ஆலயத்தின் பேர் மட்டும் இருந்தால் கூடையில் போட்டுவிட்டு வாருங்கள்.